வண்டி தண்ணி குடிக்குது

ஆரணியில் எங்கள் தெருவில் கார் வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். ஆனால் காரைப் பற்றித் தெரியாதவர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. பானெட்டைத் தூக்கினால் போதும், தறியை நிறுத்திவிட்டு வந்துவிடுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ ஏலத்துக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஆளாளுக்குத் தலையை ஆட்டி ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: "வண்டி தண்ணி குடிக்குது."

ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர் எங்கோ காணாமல் போகிறது என்பதை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும். எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் வீட்டில் வேலை வந்துவிடும்.

கார் பழையது. என் வீட்டுக்காரர் சேலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செய்யாறு, வெம்பாக்கம், பெரணமல்லூர் என்று கடை கடையாகச் சுற்றிய கார். அந்தக் காலத்தில் அதைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. கதவை மெதுவாகச் சாத்து, செருப்பைத் தட்டிவிட்டு ஏறு என்று ஆயிரம் சட்டம். பிறகு அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். வரும்போது முடியாது. ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்ததும் அவருக்குத் தலை சுற்றும், கெண்டைக்காலில் நரம்பு இழுக்கும். வாடகைக் கார்க்காரர்கள் முகூர்த்த நாளில் போனையே எடுக்க மாட்டார்கள். அதனால் இந்த வயதில் நான் டிரைவிங் பழகினேன்.

நான் ஓட்ட ஆரம்பித்த கோடையில்தான் வண்டி சூடாக ஆரம்பித்தது. தெருவுக்குக் கொண்டாட்டம். பொம்பளை ஓட்டினால் சூடாகாமல் என்ன செய்யும்? கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறேனாம். கியரைத் தடவித் தடவிப் போடுகிறேனாம். இதையெல்லாம் சொன்னது சைக்கிளைக்கூட ஸ்டாண்ட் போடத் தெரியாத ஒருவர்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஒழுங்காக இருக்கும். கண்ணமங்கலம் நெருங்கும்போது மெல்ல எழுந்திருக்கும். கடைத்தெருவில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள்ளே இறங்கும், முள்ளும் இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் ரோட்டில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போன ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். பக்கத்து சீட்டில் அவர் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்.

நாக்கு வறண்டு என்று சும்மா சொல்லவில்லை. அவருக்குத் தண்ணீர் அளவுதான். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால் குடிக்கிறதெல்லாம் உடம்பிலேயே தங்கும். முதலில் காலில் வீங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். ஒருமுறை அப்படி ஏறி, படுக்க முடியாமல், வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே அவரை வேலூருக்குக் கொண்டு போனோம். இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து காலையில் ஒரு எவர்சில்வர் சொம்பில் அளந்து வைத்துவிடுவேன். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தச் சொம்புக் கணக்கில்தான். வீட்டில் மற்ற குடத்தையெல்லாம் சமையலறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டுகிற சத்தம் கேட்டால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

வண்டி வைத்தியத்துக்கு வருகிறேன். முதல் வைத்தியர் என் கொழுந்தனார். வீட்டுக்காரரின் தம்பி. சேலைக் கடையில் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்து நாள் முழுவதும் போனில் வீடியோ பார்க்கிறவர், அதனால் சகலமும் தெரிந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் மஞ்சள்தூள் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"அண்ணி, ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா எங்க ஓட்ட கீதோ அங்க போயி அடச்சிக்கும். லாரிக்காரங்க அல்லாரும் இதான் பண்றாங்க."

"ஓட்டையே இல்லையே, எதை அடைக்கும்?"

"இன்னா அண்ணி, ஓட்ட இல்லாம தண்ணி எங்க போவும்?"

நான் கைகழுவப் போன நேரத்தில் போட்டே விட்டார். மஞ்சளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியுமா? அது கண்ட இடத்தில் எல்லாம் அடைத்துக்கொண்டது. அடுத்த முறை கண்ணமங்கலத்தைத் தாண்டவே இல்லை. பிறகு நான்தான் வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் குழாயைக் கழற்றி, சாம்பார் மாதிரி வந்ததையெல்லாம் வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்ப ஊற்றிக் கழுவினேன். வாசல் முழுக்க மஞ்சள். யாருக்கு மஞ்சள் நீராட்டு என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

இரண்டாவது வைத்தியர் மெக்கானிக். அவர் ஒரு வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எஞ்சின் சூடாகிறவரை தண்ணீரை நிறுத்தி வைத்து, அப்புறம் திறந்துவிடுகிற வால்வு அது.

"அக்கா, இது குளிர் தேசத்துக்கு வெச்சது. நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு? இது இல்லாமலே ஓட்டுங்க."

வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாத ரகசியம் ஆரணி பைபாஸில் தெரிந்திருக்கிறது. அது இல்லாமல் ஓட்டியதில் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல், ஆறாமல், குறுக்கு வழியில் எஞ்சினுக்குத் திரும்பி வந்ததுதான் மிச்சம். புது வால்வு வாங்கி வந்து, மெக்கானிக் முகத்தைச் சுளிக்கச் சுளிக்க, நானே பக்கத்தில் நின்று மாட்ட வைத்தேன்.

அவர் வால்வை மாட்டும்போதுதான் முன்பக்கக் கம்பித் தடுப்புக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே ரேடியேட்டரின் முகத்தை மூடி ஒரு துணி கட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்த அன்று கொழுந்தனார் கட்டியது. பூச்சியும் உமித் தூசும் உள்ளே போகக் கூடாதாம். அதற்குக் கொசுவலை கட்டினாலும் புரிந்துகொள்ளலாம். இவர் கட்டியது டிஷ்யூ பட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு. ஜரிகை ஓடுகிற மெல்லிய துணி. வலை மாதிரி இருக்கிறதே, காற்று போகாதா என்று நினைத்திருக்கிறார். பார்க்கவும் அழகாக இருந்திருக்கும். மாதக்கணக்கில் தூசும் ஈசலும் ஒட்டி அது அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. ஒரு கார் பட்டு உடுத்தி மூச்சுத் திணறுவது ஆரணியில் மட்டும்தான் நடக்கும்.

துணியைக் கிழித்து எறிந்தேன். பின்னாலிருந்து முன்னால், மெல்லத் தண்ணீர் அடித்து ரேடியேட்டரின் மடிப்புகளைக் கழுவினேன். வேகமாக அடித்தால் அந்தத் தகடுகள் மடங்கிவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினேன். இதையெல்லாம் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தருகிற நிலைமையில் ஊரில் யாரும் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்தேன், அவ்வளவுதான். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் எஞ்சினுக்குள்ளும் படியும். அதனால் கடையில் கூலன்ட் என்கிற பச்சைத் திரவம் வாங்கி, கேன் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். வழியில் தேவைப்பட்டால் ஊற்ற வண்டியில் எப்போதும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன் நிறைய அதே நல்ல தண்ணீர். மனுஷன் குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு வாங்குகிறேன் என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும்.

முள் பாதியில் நின்றது. கண்ணமங்கலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றபோதும் நகரவில்லை. ஃபேன் தானாக ஓடி, தானாக நின்றது. எனக்கு ஒரே மிதப்பு.

ஆனால் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. எஞ்சின் பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் பச்சைத் தண்ணீர் கோட்டுக்குச் சரியாக நிற்கும். கேன்தான் குறையும். நான் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் வரிசையில் நிற்கும்போது அவர் காரில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்தால், "டப்பாவுல கொறஞ்சி கீது, ஊத்தி வெச்சேன்" என்பார். காலையில் கிளம்புமுன்னும் அவரே பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார். வண்டியைத் தொட்டு எத்தனை நாள் ஆகிறது, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். கேன் குறையக் குறைய நிரப்பி வைத்தேன்.

"இன்னும் குடிக்குதா?" என்பார்கள் தெருவில்.

"குடிக்குது" என்பார் அவர். ஒரு மாதிரி சந்தோஷமாகவே சொல்வார்.

அதே சமயம் ஆஸ்பத்திரியில் எனக்கும் நர்ஸுக்கும் சண்டை. போனதும் அவரை எடை மெஷினில் ஏற்றுவார்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுகிற எடை முழுக்கத் தண்ணீர்தான். எடை ஏறிக்கொண்டே போனது.

"அம்மா, தண்ணி ஜாஸ்தி குடுக்கிறீங்க. இவ்ளோ தண்ணிய ஒரே அடியா எடுத்தா இவருக்கு ஹார்ட் தாங்காது."

"நான் சொம்புல அளந்து குடுக்கிறேன் சிஸ்டர். உங்க மெஷினைப் பாருங்க முதல்ல."

மெஷின் சரியாகத்தான் இருந்தது. என் எதிரிலேயே அந்தப் பெண் ஏறிக் காட்டினாள். நான் நம்பவில்லை. ஏறின இரண்டு பேரையும் தராசு ஒரே மாதிரி ஏமாற்றுகிறது என்று வாதாடினேன். அவர் மெஷினிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தண்ணீரை அதிகமாக எடுத்த அன்றெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு கத்துவார். வாசலில் நிற்கிற எனக்கே கேட்கும்.

மெக்கானிக்கிடம் மறுபடியும் போனேன். டப்பாவில் பம்பை மாட்டிக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். பம்பின் முள் இறங்கவே இல்லை, எங்கும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. எண்ணெயில் தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. எதுவும் இல்லை என்பதாலேயே அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

"உள்ளயே குடிக்குதுக்கா. எஞ்சினைப் பிரிச்சி ஹெட்டை எறக்கிடணும். வண்டிய உட்டுட்டுப் போங்க, ஆகும் டைம்."

"எவ்வளவு டைம்?"

"பேஜார் வேலக்கா அது. இன்னான்னு சொல்றது?"

ஒருநாள் விட்டு ஒருநாள் அவரை நான் தோளில் தூக்கிக்கொண்டு போவதா? அடுத்த வாரம் விடுகிறேன் என்றேன். அதுவரை வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், கேனிலும் கூலன்ட் கலந்தே வையுங்கள் என்று சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு. அன்று மாலையே கேனைக் கொட்டிவிட்டு, பச்சையைக் கலந்து நிரப்பிப் பின் சீட்டுக்கு அடியில் வைத்தேன். வண்டி விஷயம்தானே, வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

மறுநாள் வேலூர். கிளம்ப நேரமாகிவிட்டதால் அன்று காலையில் அவர் பானெட்டைத் தூக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்தது. அவரைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது கேன் அவர் காலடியில் இருந்தது.

"ஊத்திட்டேன்" என்றார்.

கேனைத் தூக்கினேன். கழுத்துவரை நிறைந்தே இருந்தது.

"எங்கே ஊத்தினீங்க? ரொம்பி இருக்குதே?"

அப்போதுதான் மூடியைப் பார்த்தேன். கவிழ்க்காமல் மல்லாக்க வைத்திருந்தது, அடியில் கொஞ்சம் பச்சை. அவர் வேட்டியில் தொடைமேல் ஒரு பச்சைச் சொட்டு. என் அப்பா சாயப் பட்டறை வைத்திருந்தவர். நான் இன்றும் சேலைக் கடைகளுக்கு நூலில் நிறம் சேர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். துணியில் விழுந்த சொட்டைப் பார்த்தால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்றுகூடச் சொல்வேன். இது உதட்டிலிருந்தோ, உதட்டுக்குப் போன கையிலிருந்தோ விழுந்தது.

கூலன்ட் விஷம். கடையில் விற்கிற டப்பாவிலேயே மண்டை ஓடு போட்டிருக்கும். அது இனிக்கும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

"வாயைத் தொறங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"தொறங்க!"

கத்திவிட்டேன். வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவர் குழந்தை மாதிரி நாக்கை நீட்டினார். நாக்கு வெள்ளையாகக் காய்ந்து, நடுவில் கோடு கோடாக வெடித்திருந்தது. பச்சை இல்லை. அடியில் பார்த்தேன், உதட்டை மடித்துப் பார்த்தேன், ஈறில் பார்த்தேன். எங்கும் பச்சை இல்லை. மோந்தும் பார்த்தேன்.

"வாய்ல வெக்கல" என்றார். "கலரைப் பாத்துட்டேன்."

கேனை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அப்புறம் எல்லாம் வரிசையாகப் புரிந்தது: இத்தனை நாள் குடித்தது வண்டி இல்லை. காலையில் அவர் தூக்குகிற பானெட் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆளை மறைத்துவிடும். தவிர, டப்பாவில் இருந்த பச்சை ஒரு நாளும் வெளுக்கவில்லை. கேன் கேனாக வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் இத்தனை நாளில் அது தெளிந்து போயிருக்கும். சாயத் தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் கூடினாலும் கண்டுபிடிக்கிற குடும்பம் எங்களுடையது. நானும் தெருக்காரர்களைப் போலத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

வண்டியைக் கிளப்பினேன். கண்ணமங்கலத்தில் ஒரு கடை முன்னால் நிறுத்தி, ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி வாங்கி வந்தேன். ஐஸ் என்றால் கொஞ்சம் தண்ணீரிலேயே வாய் நெடுநேரம் ஈரமாக இருக்கும் என்று அந்த நர்ஸ் முன்பே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதை நான் எங்கே கேட்டேன். ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வண்டிய ஹெட் எறக்க உட வேணாம்" என்றார் கொஞ்சம் கழித்து.

"தெரியுது."

இப்போது வீட்டில் ஒரு தட்டு நிறைய ஐஸ் கட்டி உண்டு. அதுவும் சொம்புக் கணக்கில்தான், ஆனால் அவரே எடுத்துக்கொள்வார். எடை இறங்கியது. காலைப் பிடித்துக்கொண்டு கத்துவதும் குறைந்தது. பச்சைக் கேன் என் சீட்டுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் இருக்கிறது.

கேனை நிரப்ப நான் கேன் தண்ணீர் வாங்குவது நின்றதைத் தெரு கவனித்துவிட்டது. இதையெல்லாம் மட்டும் நன்றாகக் கவனிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கினேன். வழக்கம்போல் கூடினார்கள், கொழுந்தனார் முன்னால் நின்றார். வீட்டுக்காரர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணி, வண்டி இப்ப தண்ணி குடிக்கிறதே இல்லயாமே? எப்டி நின்னுச்சி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் துறுதுறு என்றது. துணியில் ஆரம்பித்து மஞ்சள்வரை அந்த ஆளை உரித்துத் தொங்கவிட என்னிடம் எல்லாம் இருந்தது. ஆனால் எங்கே தொட்டாலும் கடைசியில், அப்படியானால் தண்ணீர் எங்கே போனது என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். எடை மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடியபோது இருந்த அதே முகம். தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"உன் மஞ்சள்தாம்பா" என்றேன். "லேட்டா வேலை செஞ்சிருக்குது."

கொழுந்தனாருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் அப்பவே சொல்லல, நான் அப்பவே சொல்லல என்று தெருக்கோடிவரை சொல்லிக்கொண்டே போனார். இப்போது ஊரில் எந்த வண்டி நின்றாலும் பொட்டலத்தோடு போய்விடுகிறார், சந்தேகப்பட்டால் எங்க அண்ணியைக் கேளுங்கள் என்கிறார். கேட்க வருகிறார்கள். நானும் ஆமாம் என்கிறேன். வேலூர் ரோட்டில் எங்காவது ஒரு கார் மஞ்சள் தண்ணீரைக் கக்கிக்கொண்டு நின்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. நிற்கட்டும். அன்றைக்கு என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டப்பாவுல லெவல் சரியா கீதான்னு பாரும்மா" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.